கணக்கப்பிள்ளை போட்ட விமானக் கணக்கு

லண்டனுக்கும் கொழும்புக்கும் ஆகாய வழியில் ஏறக்குறைய எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். நடுவில் எங்கும் இறங்காத விமானத்தில் போனால் பத்து மணி ஐம்பத்தைந்து நிமிடம். இது என் கண்டுபிடிப்பு இல்லை. இரண்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிவிடும் பக்கங்கள் இணையத்தில் இருக்கின்றன. கொழும்புக்குப் பதில் பூண்டுலோயா என்று அடித்துப் பார்த்தேன். அப்படி ஓர் ஊர் கிடையாது என்றது. அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்கள் விவரமானவர்கள். தெரியாத கணக்கில் அவர்கள் தலையைக் கொடுக்கவில்லை.

நான் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். இருபத்திரண்டு வருஷமாக லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. என் ஒரே தம்பி சிவகுமாருக்கு நாற்பத்தொரு வயதில் கல்யாணம் கூடி வந்திருந்தது. இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக அமைந்த பெண் தேவகி. டிக்கோயாவில் பிறந்து, பூண்டுலோயாவில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கும் டீச்சர். முகூர்த்தம் வியாழக்கிழமை காலை ஒன்பதே கால் முதல் பத்தரைக்குள், தோட்டத்து மாரியம்மன் கோயிலில். வெள்ளிக்கிழமை ஆடி பிறக்கிறது. வியாழனை விட்டால் ஒரு மாதத்துக்குக் கல்யாணப் பேச்சை எடுக்க முடியாது. எனக்கோ பத்து நாள் லீவு.

எங்கள் வழக்கத்தில் தாலியின் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மற்ற இரண்டையும் அவனுடன் பிறந்தவள் போட வேண்டும். சிவகுமாருக்கு உடன்பிறந்தவள் நான் ஒருத்திதான். நான் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட தங்கை யாராவது போட்டுவிடுவாள், கல்யாணம் நின்றுபோகாது. ஆனால் அம்மா இறந்தபோது நான் வந்து சேர்வதற்குள் குழியை மூடிவிட்டார்கள். இன்னொரு காரியத்துக்கும் பிந்தி வந்தவளாக அந்தக் கோயில் வாசலில் நிற்க எனக்கு மனசில்லை.

திங்கட்கிழமையே கிளம்பியிருக்க வேண்டும். பெயர் சொல்ல வேண்டாத ஒரு விமானக் கம்பெனி அந்தப் பயணத்தை ரத்து செய்துவிட்டது. சண்டை போட்டு வாங்கிய இடம் புதன்கிழமை பகலுக்குத்தான் கிடைத்தது. இனி எந்த விமானத்தையும் நம்பி நேரம் சொல்லக்கூடாது என்று, ஏறி உட்கார்ந்த பிறகு சொல்வதாக வீட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன்.

புதன், பகல் பன்னிரண்டு மணி, ஹீத்ரோ. ஜன்னலோர இருக்கை. பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, தூரமும் நேரமும் காட்டிய அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். "மணி பன்னெண்டு. ஏறிட்டேன். இந்தா பாத்துக்கங்க" என்று எழுதினேன். எத்தனை மணிக்கு இறங்குவேன் என்று எழுதவில்லை. படத்திலேயே எல்லாம் இருக்கிறதே என்ற நினைப்பு. பணிப்பெண் வந்து முறைத்ததால் போனை அணைத்துவிட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற தபால் அதிபர். மகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்.

"நீங்கள் எவடம் போறியள்?" என்றார்.

"பூண்டுலோயா."

"அது எங்கை கிடக்கு?"

"கொத்மலைக்கு மேல. நுவரெலியாவுக்கு முன்னுக்கு."

"அப்ப குளிருமே. விடிய மூண்டரைக்கு இறங்கினால், பத்து மணிக்குப் போயிருவியள். பிரச்சினை இல்லை." இதைச் சொல்லிவிட்டு, கொடுத்த கம்பளியை நாடி வரை இழுத்துக்கொண்டு தூங்கிப்போனார். சாப்பாட்டுக்கு மட்டும் இரண்டு முறை விழித்தார். எண்ணாயிரத்து எழுநூறு கிலோமீட்டரைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. ஆகாயத்தில் மாடு குறுக்கே வருவதில்லை, யாருக்கும் வாந்தி வரவில்லை, சொன்ன நேரத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. பயணம் என்று சொல்லத் தகுந்தது அதற்குப் பிறகுதான் ஆரம்பமானது.

வியாழன், அதிகாலை மூன்று இருபத்தைந்து, கட்டுநாயக்க. போனைத் திறந்ததும் மருதமுத்து மாமாவின் குரல் பதிவு ஒன்று காத்திருந்தது. "ராணி, கணக்கு பாத்துட்டேன். நீ ஒன்னும் யோசிக்காத. ராத்திரி பதினோரு மணிக்கு வேன் அங்க நிக்கும்." அதற்குக் கீழே தேவகி எதையோ எழுதி, எழுதியதை அழித்திருந்தாள். அழித்த இடத்துக்குக் கீழே ஒரு கும்பிட்ட கை.

மாமா அம்மாவின் தம்பி. முப்பது வருஷம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசைப்படுத்தி, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்துவிட்டு, சாயந்தரம் கூலிக் கணக்கில் பெயர் போடுவது வரை அவர் பொறுப்பு. அவர் சத்தம் போட்டுக் கூப்பிட்டால் எதிர்மலையில் இருக்கும் ஆள் திரும்பிப் பார்ப்பான். கணக்கில் அவரைத் திருத்தியவர்கள் எங்கள் தோட்டத்தில் கிடையாது. திருத்த நினைத்தவர்களும் மறுநாள் எந்த மலைக்கு அனுப்புவாரோ என்று வாயை மூடிக்கொண்டார்கள். அந்தப் பயம் அவர் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை.

பெட்டிகள் வந்து சேர நேரமாகிவிட்டது. வெளியே வந்தபோது மணி நாலே முக்கால். என்னை அழைத்துப்போக ஒன்பது பேர் வந்திருந்தார்கள். மலையகத்தில் இதை யாரும் ஆச்சரியமாக நினைக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால் வேனில் எத்தனை இடம் இருக்கிறதோ அத்தனை பேரும் கிளம்புவார்கள். வருகிறவர் எங்கே உட்காருவார் என்பதைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம். புஷ்பம் சித்தி புளிச்சோற்றுப் பொட்டலங்களுடன் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு லயத்துக்காரர்கள் விமானம் ஏறுவதை எங்கே நின்று பார்க்கலாம் என்று போலீஸ்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். தூணோரமாக, தொப்பியும் ஸ்வெட்டரும் மூன்று நாள் தாடியுமாக நின்று கையை ஆட்டியவனைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

"நீ எதுக்குடா வந்த?" என்றேன். "இன்னும் கொஞ்ச நேரத்துல ஒனக்குக் கல்யாணம்."

"பதினொன்னுக்கு நீ எறங்கிருவேன்னாங்க அக்கா. விடியறதுக்குள்ள வீட்டுக்குப் போயிறலாம்னு வந்தேன்" என்றான் சிவகுமார். சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தான்.

மாமா கொஞ்சமும் அசையவில்லை. "நீ பன்னெண்டு மணிக்கு ஏறுன. ஓட்டம் பதினோரு மணி நேரம். பன்னெண்டும் பதினொன்னும் இருபத்திமூனு. ராத்திரி பதினோரு மணி. இதுல என்னா தப்பு? பிளேன் நாலரை மணி நேரம் லேட்டு."

"லேட்டு இல்லைங்க மாமா. நேரத்துக்குத்தான் வந்துச்சு. அங்க பகல் பன்னெண்டுன்னா இங்க சாயந்தரம் நாலரை."

"அது எப்பிடி? நீ பன்னெண்டுக்கு அனுப்புன மெசேஜே எங்களுக்கு நாலரைக்குத்தான் வந்துச்சு. லைன் அப்பிடி. ஒனக்கு எல்லாமே நாலரை மணி நேரம் லேட்டாத்தான் வருது."

சுற்றி நின்ற மற்றவர்களும் நியாயம் அவர் பக்கம்தான் என்பது போல என்னைப் பார்த்தார்கள். நான் பேச்சை மாற்றி, தாலியாவது வீட்டில் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். மாமா இடுப்பு பெல்ட்டில் இருந்த பையைத் தட்டிக்காட்டினார்.

"வீட்ல கூட்டம். வெச்சிட்டு வர மனசு வரல."

மாப்பிள்ளை, தாலி, முடிச்சுப் போடுகிறவள், தாய்மாமன். கல்யாணத்தில் முக்காலே மூணு வீசம் கட்டுநாயக்க வாகனத் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தது. பெண்ணும் ஐயரும் மட்டும் பூண்டுலோயாவில்.

ஐந்து மணி ஐந்து நிமிடம். வேன் கிளம்பியது. பூண்டுலோயாவுக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம். என் போனில் இருந்த வரைபடம் ஒன்பதே முக்காலுக்குப் போய்விடலாம் என்றது. ஓட்டுநர் சுனில், பூண்டுலோயா டவுனில் பிறந்த சிங்களவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். "கவல வேணாம் அக்கே, நான் பாத்துக்கறேன்" என்றார். என் இரண்டு பெட்டிகளும் கூரைக்குப் போயின. நான் சித்திக்கும் ஒரு கடலை மூட்டைக்கும் நடுவில் செருகப்பட்டேன்.

நிட்டம்புவ தாண்டும்போது மாமா மறுபடியும் ஆரம்பித்தார். "பிளேன்காரன நம்பவே கூடாது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. சித்தி வாந்திக்காக மடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, இதுதான் பூமி என்றேன். போனில் விளக்கைப் போட்டு, இதுதான் சூரியன் என்றேன். காம்பு இருந்த இடம் லண்டன். அதற்கு எதிர்ப்பக்கமாக ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது, அது பூண்டுலோயா. பழத்தை மெல்லச் சுற்றினேன். வேனில் எல்லோரும் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள். பூண்டுலோயாவில் பொழுது விடிந்து லண்டன் இன்னும் இருட்டில் இருந்த அந்த நல்ல நேரத்தில், சித்திக்கு வயிற்றைப் புரட்டியது. பூமியை என் கையிலிருந்து பிடுங்கி மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இப்ப எல்லா எடத்துலயும் இருட்டு" என்றார் மாமா.

பழம் போதவில்லை. வரக்காப்பொலையில் வண்டியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று. சித்தி முடித்து வருவதற்குள் மற்றவர்கள் கடைக்குள் நுழைந்து தலகுலி, அலுவா என்று இனிப்புகள் வாங்கிக்கொண்டார்கள். சித்திக்கு வயிறு காலியாக இருந்ததால் அவளும் வாங்கிக்கொண்டாள். கேகாலையில் மறுபடியும் நின்றோம். மாவனல்லையில் நிற்காமல் சமாளித்தோம்.

ஏழே கால், கடுகண்ணாவ ஏற்றம். சுனில் மூன்றாவது தடவையாக வாய்விட்டுக் கொட்டாவி விட்டார். பாவம், மாமாவின் கணக்கை நம்பி அந்த மனிதரும் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறார்.

"டீ குடிக்காம மேல போக ஏலாது அக்கே. நித்திர வந்தா கல்யாணம் இல்ல, வேற சடங்குதான்."

மறுக்க முடியாத வாதம். பத்து நிமிஷம் என்று எல்லோரும் சத்தியம் செய்துவிட்டு இறங்கினார்கள். கடை ஒன்று, பத்துப் பேர், கழிவறை ஒன்று. பால் தேநீர் நூற்றிருபது ரூபாய். தேயிலை மலைக்காரர்கள் அதை ஒரு வாய் குடித்துவிட்டு, இது டஸ்ட்டா, பழைய தூளா, இத்தனை விலையா என்று கடைக்காரருடன் வழக்காடினார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தபடி வேனைச் சுற்றி நடந்தேன். மறுபடி கிளம்பியபோது எட்டு மணிக்குப் பத்து நிமிடம்.

சிவகுமார் தேவகிக்குப் போன் செய்து என்னிடம் கொடுத்தான். நான் அவளிடம் பேசுவது அதுதான் இரண்டாவது முறை.

"கடுகண்ணாவ தாண்டிட்டோம்மா. கொஞ்சம் லேட்டாகும் போல இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே சகிக்கவில்லை.

"சரிங்க அண்ணி. பாத்து வாங்க. மாமாவ ஒன்னும் சொல்லாதீங்க, அவரு பாவம்" என்றாள்.

அவ்வளவுதான். முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருக்க, மாப்பிள்ளை மலையின் அடிவாரத்தில் நிற்கிறான். பெண்ணோ கடைக்குப் போய் வரச் சொல்வது போல நிதானமாகப் பேசுகிறாள். கோபித்துக்கொண்டிருந்தால் கூட நம்பிக்கை வந்திருக்கும். இந்த இடமும் தட்டிப்போகப் போகிறது என்றே நினைத்தேன். அதைத் தம்பியிடம் சொல்லவில்லை.

பேராதனையில் பள்ளிக்கூட வேன்களும் பஸ்களும் பின்னிப் பிணைந்து கிடந்தன. கம்பளை வந்தபோது மணி எட்டே முக்கால். அங்கே மாமா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ணல. ஆறு மணிக்கு வீட்டுக்கு ஆள் வரச் சொல்லியிருந்துச்சு. அவன் வந்து பாத்துட்டுப் போயிருப்பான். தாடியோட மணவறையில ஒக்கார முடியாது."

நியாயம்தான் என்று வேனே ஒத்துக்கொண்டது. அப்போதுதான் கதவு திறந்த ஒரு சலூனுக்குள் மாப்பிள்ளையைத் தள்ளினோம். நாற்காலியில் ஏற்கனவே ஒருவர் பாதி முகம் சோப்பு நுரையுடன் உட்கார்ந்திருந்தார். மாமா விஷயத்தைச் சொன்னதும் அவர் எழுந்து இடம் விட்டு, நுரையோடு ஓரத்தில் நின்றுகொண்டார். கேட்காமலே அப்படி எழுந்து கொடுக்கிற மனிதரை நான் லண்டனில் பார்த்ததில்லை.

"வெரசா பண்ணுங்க அண்ணே" என்றேன் சலூன்காரரிடம்.

"மாப்பிள்ளை முகம்னா கத்தி மெதுவாத்தாங்க போகும்" என்றார் அவர். சொன்னபடியே செய்தார். மீசையின் இரண்டு பக்கமும் சமமா என்று தூர நின்று பார்த்தார். நுரையோடு நின்றவரும் பார்த்துவிட்டு, இடது பக்கம் ஒரு இழை கூடுதல் என்றார். மாமா காசை நீட்டினார். கல்யாண நாளில் மாப்பிள்ளையிடம் வாங்க மாட்டேன் என்று சலூன்காரர் தள்ளிவிட்டார். இந்த மரியாதைச் சண்டையில் இன்னும் கொஞ்ச நேரம் போனது.

புசல்லாவ தாண்டும்போது பத்து மணிக்குக் கொஞ்சம்தான் குறைவு. மழை பிடித்துக்கொண்டது. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பஞ்சுப் புகை. மலைப்பாதைகளில் ஜூலை மழை என்றால் எப்போதும் எங்காவது ஒரு சரிவு மண் இறங்கித்தான் இருக்கும். எங்களுக்கானது தவலந்தென்னைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவில் இறங்கியிருந்தது. பாதை பாதியாகக் குறுகிய அந்த இடத்தில், மேலிருந்து வந்த மரக்கறி லொறியும் கீழிருந்து போன பஸ்ஸும் முகத்தோடு முகம் முட்டி நின்றன. இரண்டு ஓட்டுநர்களும் கையைக் கட்டிக்கொண்டு, அடுத்தவன் பின்னால் எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள்.

போனில் சிக்னல் இல்லை. கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து இருபது. பத்தரை. முகூர்த்தம் முடிந்துவிட்டது. மாமா இடுப்புப் பையின் மேல் கையை வைத்தார், எடுக்கவில்லை. ஆடி முடிந்தால் ஆவணி இருக்கிறது என்று சித்தி மெதுவாகச் சொன்னாள். ஆவணியில் நான் இங்கே இருக்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும்.

"மாமா கூப்பிட்டாருன்னா நீயும் வந்துர்றதாடா?" என்று தம்பியைக் கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன்.

"மாமா கூப்பிடல அக்கா. நானாத்தான் ஏறுனேன்." ஜன்னலில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தான். "அம்மா செத்தப்ப ஒன்னக் கூப்பிட நான் வரல. அங்க வேல இருந்துச்சு. நீ யாரோட வேன்லயோ ஒத்தையில வந்து எறங்குன. எறங்கி என் மூஞ்சியத்தான் தேடுன. இந்தத் தடவ கதவத் தொறந்து வெளிய வந்ததும் நான் நிக்கணும்னு நெனச்சேன். அவ்ளோதான்."

நான் அழுதுவிட்டேன். மறைக்க இடமும் இல்லை. ஒரு பக்கம் சித்தி, மறுபக்கம் கடலை மூட்டை. சித்தியும் சேர்ந்துகொண்டாள். பின்சீட்டில் இருந்தவர்கள் விவரம் தெரியாமலே மூக்கை உறிஞ்சினார்கள்.

மாமாவுக்கு அழுகைச் சத்தம் ஆகாது. கதவைத் தள்ளித் திறந்துகொண்டு மழையில் இறங்கினார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்த வளைவை நோக்கி நடந்தார். அடுத்த நிமிடம் நான் இருபத்திரண்டு வருஷமாகக் கேட்காத அந்தக் குரலைக் கேட்டேன். பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது அது.

"ஏய் லொறி. ஒன்னத்தான். பின்னால எடு. பஸ்காரரே, நீங்க அசையாதீங்க. அந்த நீலச் சட்ட, ஓடிப்போயி லொறிக்குப் பின்னால நின்னு கை காட்டு. கார்காரங்க எல்லாம் எடது பக்கம் ஒதுங்கு. என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

பெரட்டு எடுக்கிற குரல். யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. லொறி பின்னால் போனது. நீலச் சட்டைக்காரர் கை காட்டினார். கார்கள் ஒதுங்கின. தமிழ் தெரியாத ஒரு பிக்குவின் வாகனம் கூட ஒதுங்கியது. பத்து ஐம்பதுக்கு நாங்கள் அந்த வளைவைத் தாண்டினோம். மாமா சொட்டச் சொட்ட ஏறி உட்கார்ந்து, "நேரமிருக்கு, எடு" என்றார் சுனிலிடம். எந்த நேரம் இருக்கிறது என்று கேட்க எங்களுக்குத் தெம்பில்லை.

தவலந்தென்னைச் சந்தியில் திரும்பி, பூண்டுலோயா டவுனைத் தாண்டி, தோட்டத்துக் குண்டும் குழியுமான பாதையில் ஏறி, கோயில் வாசலில் நின்றபோது பதினொன்றே முக்கால். எல்லோரும் கலைந்துபோயிருப்பார்கள் என்று நினைத்துத்தான் இறங்கினேன். தகரப் பந்தலில் மழை இரைய, மேளம் சாவகாசமாக வாசித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஐயர் மணவறையில் தேங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

மாமா ஓடிப்போய்க் கையைக் கூப்பினார். "ஐயா, மன்னிக்கணும். பிளேன் நாலரை மணி நேரம் லேட்டு."

"அதுக்கென்னங்க" என்றார் ஐயர். "உச்சி முகூர்த்தம் பதினொன்னு அம்பத்தஞ்சுக்குத்தானே. டீச்சர் நேத்து பொழுதுபட வந்து, நாளைக்கே வேற நேரம் இருக்கான்னு பஞ்சாங்கம் பாக்கச் சொன்னாங்க. எல்லாருக்கும் ஆள் விட்டுச் சொல்லியாச்சே. ஒங்களுக்குச் சொல்லலையா?"

மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே, நேரமிருக்குன்னு."

மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் வேட்டி கட்டினார்கள். என்னைக் கேட்காமலே யாரோ என் தலையில் பூ வைத்தார்கள். லண்டன் ஸ்வெட்டருக்கு மேலேயே புடவையைச் சுற்றிக்கொண்டு மணவறைக்குப் பின்னால் போய் நின்றேன். கெட்டிமேளம் முழங்க சிவகுமார் முதல் முடிச்சைப் போட்டான். மஞ்சள் கயிறு என் கைக்கு வந்தது. விரல்கள் குளிரில் மரத்துப்போயிருந்தன, கயிறு பிடிபடவில்லை. இரண்டாவது முடிச்சு நழுவி அவிழ்ந்தது. மேளக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு அடித்தார்.

"மெதுவாப் போடுங்க அண்ணி" என்றாள் தேவகி, தலையை நிமிர்த்தாமல். "நேரம் இருக்கு."

போட்டேன். இரண்டையும் போட்டேன். இறுக்கமாக.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"நீங்க போட்ட படத்தப் பாத்ததுமே தெரியும்ங்க. மூனரைக்குத்தான் எறங்கும்னு எழுதுனேன். அதுக்கு முந்தியே மாமா பதினொன்னுன்னு சொல்லிட்டாங்க. கல்யாணத்துக்கு மொத நாள், மாப்பிள்ளையோட தாய்மாமன் கணக்கு தப்புன்னு கணக்கு டீச்சர் சொன்னா நல்லாவா இருக்கும்? அழிச்சிட்டேன். நேரா ஐயரத்தான் போயிப் பாத்தேன்."

"காலையில போன்லயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. நான் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வந்தேன்."

அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள். "பன்னெண்டு வரைக்கும் நேரம் இருக்குன்னு சொல்லியிருந்தா நீங்க ஒரு மணிக்குத்தான் வந்திருப்பீங்க அண்ணி."

வேனில் வந்த அத்தனை பேரையும் மனதில் ஒரு சுற்றுப் பார்த்தேன். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டுக்குக் கணக்குத் தெரிந்த ஒரு ஆள் வந்துவிட்டாள் என்று ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

பத்து நாளும் ஓடிவிட்டது. திரும்பும் விமானம் பகல் ஒரு மணிக்கு. வழியனுப்பப் பதினொரு பேர் வந்தார்கள், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்பட. இந்தத் தடவை எப்போது வேன் கிளம்ப வேண்டும் என்பதைத் தேவகி சுனிலிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தாள். அதனால் தாராளமாக நேரம் இருந்தது. விமான நிலைய வாசலில் மாமா என் பயணச்சீட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஒரு மணிக்கு ஏறுற. ராத்திரி ஏழரைக்கு லண்டன்ல எறங்குறன்னு போட்டிருக்கு. ஆறரை மணி நேரம்." விரல்விட்டு மறுபடியும் எண்ணினார். "வரும்போது பதினோரு மணி நேரம். அதுலயும் லேட்டு. போகும்போது ஆறரைதான். பாத்தியா ராணி, இங்கயிருந்து போறது கிட்டத்தான். அங்கயிருந்து வாறதுதான் தூரம்."

எனக்கு அது நேர்மாறு. வரும்போது பத்து மணி ஐம்பத்தைந்து நிமிடமும் ஒரு மூச்சில் போனது போல இருந்தது. திரும்பிப் போகும் வழி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முறை கூடச் சீக்கிரம் முடிந்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். தேவகி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"ஆமாங்க மாமா" என்றேன். "கிட்டத்தான்."

"தோட்டத்துலயிருந்து நாம இங்க வந்து சேரவும் அதே ஆறரை மணி நேரந்தானே ஆச்சு" என்றார் மாமா, பயணச்சீட்டை மடித்து என் கையில் வைத்தபடி. "அவ்ளோ கிட்ட இருந்துக்கிட்டு, இத்தன வருசமா எதுக்கு வராம இருந்த? தைப்பொங்கலுக்கு வந்துரு."

வந்துவிடுகிறேன் என்றேன்.